ஆடித்தபசு, குற்றால சீசன்... ஒரே மாதத்தில் எகிறும் ரூம் வாடகை! நியாயம் எது, பேராசை எது?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு அன்று மாலை கால் வைக்க இடம் இருக்காது. ஒற்றைக்காலில் தவமிருக்கும் கோமதி அம்மனுக்கு, பாதி சிவனும் பாதி விஷ்ணுவுமாக சங்கரநாராயணர் காட்சி தரும் அந்த நேரத்தில், சுற்று வட்டாரத்து விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த நெல், பருத்தி, வத்தல் எல்லாவற்றையும் கூட்டத்தின் மேல் அள்ளி வீசுவார்கள். ஊரே சிலிர்த்துப்போகும்.

ஆனால், அதோடு திருவிழா முடிவதில்லை. இரவில் சங்கரலிங்கமாக சுவாமி இன்னொரு முறை காட்சி தருவார். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். இரண்டாவது காட்சியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றால், ராத்தங்க வேண்டும். வயசான அம்மாவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் படுக்க முடியுமா? லாட்ஜைத் தேடிப் போனால், சாதாரண நாளில் சொல்லும் வாடகை அன்றைக்கு இல்லை. ‘இருந்தா இருங்க, இல்லாட்டி அடுத்த ஆள் நிக்காரு’ என்பதுதான் கவுன்டரில் கிடைக்கும் பதில்.

இது சங்கரன்கோவிலின் கதை மட்டும் இல்லை. திருவண்ணாமலை தீபம், திருச்செந்தூர் சூரசம்ஹாரம், கோடை விடுமுறையில் ஊட்டி, கொடைக்கானல் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் இதே பாட்டுதான். இதில் எது நியாயமான விலையேற்றம், எது ஆளைப் பார்த்து அடிப்பது?

இரண்டு கூட்டம், ஒரே மாதம்

தென்காசி மாவட்டத்துக்கு ஆடி மாதம் ஒரு விசேஷமான மாதம். ஒரு பக்கம் சங்கரன்கோவிலில் தபசு. இன்னொரு பக்கம், ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் குற்றாலம். தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவிகள் களைகட்டும். சாரல் விழுகிற அதே வாரங்களில்தான் தபசுக் கொடியும் ஏறுகிறது. கோயிலுக்கு வருபவர் அப்படியே குற்றாலத்தில் ஒரு குளியல் போடலாம் என நினைக்கிறார். அருவிக்கு வருபவர் அப்படியே அம்மனையும் பார்த்துவிடலாம் என நினைக்கிறார். வருகிறவர்கள் பல மடங்கு. ரூம்கள் மட்டும் அதே எண்ணிக்கைதான்.

சீசனுக்கு ஒரு விலை, சீசன் இல்லாதபோது ஒரு விலை என்பதை மொத்தமாகத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ரயில்வேயே ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பர் முதல், சீட் நிரம்ப நிரம்பக் கட்டணம் கூடும் முறையை வைத்திருக்கிறது. விமானக் கட்டணம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது.

லாட்ஜ்காரர் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குற்றாலத்தில் 20 ரூம் உள்ள ஒரு சின்ன லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் சம்பளம், கரன்ட், வரி, வங்கிக் கடன், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் ரூ.3 லட்சம் செலவு. வருஷத்துக்கு ரூ.36 லட்சம்.

சீசன் இல்லாத 270 நாள்களில், சராசரியாக 8 ரூம்தான் போகிறது, ஒரு ரூம் ரூ.800 என்றால், கைக்கு வருவது சுமார் ரூ.17.3 லட்சம். மீதி ரூ.18.7 லட்சத்தை எஞ்சிய 95 நாளில் எடுத்தாக வேண்டும். 20 ரூமும் தினமும் நிரம்பினால்கூட, ஒரு ரூமுக்கு ஏறக்குறைய ரூ.985 வாங்கினால்தான் நஷ்டம் இல்லாமல் தப்பிக்க முடியும். அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

ஆக, ரூ.800 ரூமை சீசனில் ரூ.1,200-க்குக் கொடுத்தால், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று மாத வரும்படியில் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டிய தொழில் அது. அதே ரூமுக்கு ரூ.3,000 கேட்டால்? அது செலவுக் கணக்கு இல்லை. ‘எப்படியும் கொடுப்பாங்க’ என்ற கணக்கு!

வரி குறைந்தும் வாடகை குறையலையே, ஏன்?

ஒரு காலத்தில் ரூ.1,000 வரையிலான ரூம்களுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அவற்றுக்கும் 12% வரி வந்தது. ரூ.900 ரூமுக்கு ரூ.108 கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை வாடகை உள்ள ரூம்களுக்கு வரி 5% ஆகக் குறைந்தது. அதே ரூமுக்கு இப்போது வரி ரூ.45 மட்டுமே.

இதில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. 5% வரி வசூலிக்கும் லாட்ஜ், தான் வாங்கும் பெட்ஷீட், சோப்பு, டி.வி போன்றவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமை அடிப்படை வாடகையில் வந்து உட்காருகிறது.

ஓட்டல் சாப்பாட்டிலும் இதே கதைதான். 2017 நவம்பர் முதல் சாதாரண ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு 5% வரி. ஆனால், வீட்டு சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி 5% என்றால், ஓட்டல்கள் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18%. அதையும் ஓட்டல்காரர் கழித்துக்கொள்ள முடியாது. கரன்ட் பில்லும் வணிகக் கட்டணம்தான். சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பெயர்போன ஊர். அந்த ஒரு பிளேட் பிரியாணியின் விலையில் ஆட்டுக்கறி, அரிசியோடு, இந்த சிலிண்டர் வரியும் சேர்ந்துதான் வேகிறது.

பிரயாக்ராஜிலும் அகமதாபாத்திலும்...

2023 அக்டோபரில் அகமதாபாத்தில் இந்தியா-பாகிஸ்தான் உலகக் கோப்பை மேட்ச் நடந்தபோது, ஓட்டல் வாடகை பல மடங்கு ஏறியது. ‘செக்கப்’ என்ற பெயரில் ஆஸ்பத்திரி பெட்டை புக் செய்து தங்க சிலர் முயன்றதாகச் செய்திகள் வந்தன. 2025 ஜனவரியில் மகா கும்பமேளா சமயத்தில், பிரயாக்ராஜ் விமானக் கட்டணம் விண்ணைத் தொட, கட்டணத்தைச் சீராக வைக்கும்படி விமான நிறுவனங்களிடம் அரசு சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளூர் ரேட் இப்படி ஏற, ‘கோவா போகிற காசுக்கு தாய்லாந்தே போகலாமே’ என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று 2023 நவம்பரில் தாய்லாந்து கதவைத் திறந்துவிட்டதும் அதற்குத் தோதாக அமைந்தது. 2024-ல் வெளிநாடு சென்ற இந்தியர்களின் எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டியது. இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர்களோ ஏறக்குறைய ஒரு கோடி.

ராத்தங்காத ஊருக்கு என்ன நஷ்டம்?

தாய்லாந்து போக வசதி இல்லாத குடும்பம் என்ன செய்யும்? காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடும். அப்படித் திரும்பும்போது நஷ்டம் லாட்ஜுக்கு மட்டும் இல்லை. ராத்திரி டிபன் சாப்பிட்டிருக்க வேண்டிய கடை, காலையில் பூ வாங்கியிருக்க வேண்டிய பூக்காரம்மா, குற்றாலத்துக்குச் சவாரி போயிருக்க வேண்டிய ஆட்டோக்காரர் என எல்லார் வியாபாரமும் குறைகிறது. ஒருவர் ஒரு ராத்திரியில் கூடுதலாகப் பார்க்கும் ரூ.2,000, பத்துப் பேர் வருமானத்தைத் தட்டிப்பறிக்கிறது.

வழிப்போக்கருக்கு இடமும் சோறும் கொடுப்பது நமக்குப் புதிது இல்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரமும், ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரமும் இன்றும் அதைச் சொல்கின்றன. திருமலையில் ரூ.50, ரூ.100 வாடகை ரூமிலிருந்து தேவஸ்தானமே கொடுக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. பக்கத்திலேயே நியாயமான விலையில் சுத்தமான ரூம் இருந்தால், தனியாரும் கண்டபடி ஏற்ற முடியாது. கூட்டம் கூடும் ஒவ்வொரு கோயில் ஊருக்கும் இதுதான் தேவை.

ஏமாறாமல் இருக்க...

* பில் கேளுங்கள்: ஜி.எஸ்.டி வசூலித்தால், பில்லில் ஜி.எஸ்.டி எண் இருக்க வேண்டும். எண் இல்லாத துண்டுச் சீட்டில் வரி போட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

* ‘காம்போசிஷன்’ ஓட்டலா? குறைந்த விற்றுமுதல் உள்ள ஓட்டல்கள் இந்தத் திட்டத்தில் இருக்கலாம். அவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது.

* சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை: பில்லில் தானாகவே சேர்க்கக் கூடாது என 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லலாம்.

* தண்ணீர் பாட்டில்: கடையில் எம்.ஆர்.பி-க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கினால், தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகளிடம் புகார் செய்யலாம். ஆனால், ஓட்டலில் உட்கார்ந்து குடித்தால் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்காரும் முன் விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

* முன்பணம் கட்டினால்: வாடகை, வரி, செக்-அவுட் நேரம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வந்த பிறகு ‘அது பழைய ரேட்’ என்றால், கையில் ஆதாரம் இருக்கும்.

* நாளை மாற்றுங்கள்: குற்றாலத்துக்கு சனி, ஞாயிறை விட்டு செவ்வாய், புதன் போனால், வாடகையும் குறையும், அருவியில் நெரிசலும் குறையும்.

* புகார் எண்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கையில் இருந்தால் புகார் நிற்கும்.

இரவு இரண்டாவது காட்சி முடிந்து கூட்டம் கலையும்போது, தபசு மண்டபத்துக்கு எதிரே தரையெல்லாம் நெல்லும் பருத்தியுமாகக் கிடக்கும். விளைந்ததில் ஒரு பங்கை ஊருக்கே வீசிக் கொடுக்கும் திருவிழா அது. அதைப் பார்க்க வருகிற குடும்பத்துக்கு ஒரு ராத்திரி படுக்க நியாயமான வாடகையில் ஒரு ரூம் கிடைத்தால், அடுத்த ஆடிக்கும் வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வருவார்கள்!