மனை முதல் மாடி வரை – 19: பாய் விரிக்க ஆறடி

பிளான் தாளில் கடைசியாகப் பெயர் வைக்கப்படும் அறை ஒன்று உண்டு. ஹால், சமையலறை, பூஜையறை, பெட்ரூம், கார் நிற்குமிடம் எல்லாம் முடிந்த பிறகு, மொட்டை மாடியில் படிக்கட்டை மூடி நிற்கும் ஹெட்ரூமை ஒட்டி எட்டடிக்கு ஒன்பதடி மிச்சம் விழும். அதன் மேல் பென்சிலால் ‘ஜிம்’ என்று எழுதுவார்கள்.

தாம்பரம் பக்கம் மனை வாங்கியிருந்த ஒருவர் என் எதிரே உட்கார்ந்து அப்படித்தான் எழுதினார். “காலையில நான் போவேன் சார், சாயங்காலம் பையன் போவான்” என்றார். பக்கத்தில் அவர் மனைவி பேசாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கம்மா?” என்று கேட்டேன்.

“அடுப்புல குக்கர வச்சுட்டு ரெண்டு மாடி ஏறி எங்க சார் போறது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. பிளானைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றேன். இந்த அத்தியாயம் அந்த ஒரு வாரத்தில் யோசித்ததும், அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் கற்றுக்கொண்டதும்தான்.

முதலில் ஒரு கணக்கு. ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 2024-ல் வெளிவந்த ஆய்வு, 2022-ம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதுமான உடல் அசைவு இல்லை என்கிறது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. நாளைக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு, கீழே விழாமல் இருக்க, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. பெண்களுக்கும் முதியவர்களுக்கும்தான் வீட்டுக்குள் இடம் அதிகம் தேவை. நாமோ அந்த இடத்தை அவர்கள் ஏற முடியாத உயரத்தில் கொண்டுபோய் வைக்கிறோம்.

நம் பழைய வீடுகளில் ஜிம் என்று ஓர் அறை இருந்ததில்லை. ஆண்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்ததும் கர்லாக்கட்டை சுற்றியதும் தாலிம்கானாவில், மண் பரப்பிய கோதாவில். தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் ஊர்ப் பொதுவிடத்தில் கிடந்தது. பெண்களுக்கோ பயிற்சி என்ற பெயரே இல்லை. அம்மி, ஆட்டுக்கல், உலக்கை, கிணற்று ராட்டினம் என்று வேலையாகவே உடம்பு முறிந்தது. மிக்ஸியும் கிரைண்டரும் மோட்டாரும் வந்து அந்தப் பாட்டை ஒழித்தன. ஒழிந்தது நல்லதே. “அந்தக் காலத்துல அம்மி அரைச்சாங்க, ஆரோக்கியமா இருந்தாங்க” என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்கு மனம் வராது. அரைத்தவர்களின் தோள்பட்டை வலியை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மி போன இடத்தில், அவர் தன் உடம்புக்காகத் தானே விரும்பிக் கையையும் காலையும் நீட்ட ஓர் இடத்தை வீடு கட்டுகிற நாங்கள் கொடுக்கவில்லை. அது எங்கள் தொழிலின் குறை.

இதைப் பற்றி யோசித்த கட்டடக் கலைஞர்கள் கிட்டத்தட்ட நூறு ஆண்டுக்கு முன்பே இருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் பிலிப் லவெல் என்ற இயற்கை மருத்துவர், அந்நகரப் பத்திரிகையில் உடல் நலம் பற்றிப் பத்தி எழுதியவர், ரிச்சர்ட் நியூட்ராவிடம் ஒரு வீடு கேட்டார். 1929-ல் முடிந்த அந்த வீட்டுக்கு ‘ஹெல்த் ஹவுஸ்’ என்றே பெயர். மலைச்சரிவில் எஃகுச் சட்டத்தால் எழுப்பிய வீடு. படுக்கையறைகளை ஒட்டித் திறந்தவெளியில் உறங்கத் தாழ்வாரங்கள், வெயில் காய இடம், நீச்சல் குளம், வெளியிலேயே உடற்பயிற்சிக்கு இடம். கட்டி முடித்ததும் லவெல் தன் வாசகர்களையே வீட்டைப் பார்க்க அழைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1931-ல், பெர்லின் கட்டடக் கண்காட்சியில் மார்செல் பிராயர் ‘விளையாட்டு வீரருக்கான வீடு’ ஒன்றைக் காட்டினார். அதில் நடுக்கூடமே பயிற்சி செய்யும் இடம். உறங்கவும் படிக்கவும் ஓரமாகச் சிறு அறைகள். 1952-ல் மார்செய் நகரில் லெ கொர்புசியே கட்டி முடித்த 337 வீடுகள் கொண்ட அடுக்ககத்தின் மொட்டை மாடியில் உடற்பயிற்சிக்கூடமும் ஓடுபாதையும் உண்டு.

அவர்கள் ஊர் வெயில் வேறு, நம் ஊர் வெயில் வேறு. மார்செய் மொட்டை மாடியைத் தாம்பரத்தில் வைத்தால் காலை எட்டரைக்கு மேல் கால் வைக்க முடியாது. நான் எடுத்துக்கொள்வது வேறு ஒன்றை. அந்த மூவரில் யாரும் மிச்ச இடத்தைப் பயிற்சிக்குக் கொடுக்கவில்லை. உடம்பு எங்கே அசையும் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டு, வீட்டை அதைச் சுற்றி வரைந்தார்கள்.

அப்படியானால் நம் ஆயிரத்து இருநூறு சதுர அடி வீட்டில் எங்கே?

என் முதல் அளவு ஒரு பாய். இரண்டடி அகலம், ஆறடி நீளம். அதில் படுத்துக் கையை இரு பக்கமும் விரித்தால் எதிலும் இடிக்கக் கூடாது. எழுந்து நின்று காலை முன்னும் பின்னும் வீசினால் சோபா முனை தட்டக் கூடாது. அதற்கு ஏழடிக்கு எட்டடி வெறுந்தரை போதும். அந்த வெறுந்தரை சமையலறையிலிருந்து பத்து எட்டுக்குள் இருக்க வேண்டும். நாள் முழுவதும் கண்ணில் பட வேண்டும். சாப்பாட்டு மேசையைச் சுவரோடு மடக்கும் மேசையாக மாற்றினால் அந்த இடம் பல வீடுகளில் கிடைத்துவிடும். யூட்டிலிட்டியை ஓரடி நீட்டினாலும் கிடைக்கும். இயந்திரம் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சே இதற்குப் பிறகுதான்.

இயந்திரம் வேண்டும் என்றால் அடுத்துத் தரையைப் பற்றிப் பேச வேண்டும். இங்கேதான் மக்களுக்குப் பயமும் அதிகம், அலட்சியமும் அதிகம். குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ பாரம் தாங்கும்படி கணக்கிட வேண்டும் என்கிறது நம் நாட்டின் ஐ.எஸ். 875 விதி. உடற்பயிற்சிக் கூடங்களுக்கு அதே விதி கேட்பது 5 கிலோநியூட்டன், இரண்டரை மடங்கு. இதைக் கேட்டதும் “டிரெட்மில் வச்சா ஸ்லாப் உடைஞ்சிடுமா?” என்பார்கள். நூறு கிலோ டிரெட்மில்லும் அதன் மேல் எண்பது கிலோ மனிதரும், ஒழுங்காகக் கட்டிய ஸ்லாபுக்குப் பெரிய சுமை அல்ல. புத்தகம் நிறைந்த அலமாரி அதைவிடக் கனம். சிக்கல் அசையாத எடையால் வருவதில்லை, இடியால் வருகிறது. அறுபது கிலோ பார்பெல்லை இடுப்பு உயரத்திலிருந்து நழுவ விட்டால் அந்த ஒரு கணத்தில் தரை வாங்கும் அடி அறுபது கிலோவைப் போலப் பல மடங்கு. விட்ரிஃபைட் டைல்ஸ் உடனே பிளக்கும். அடியில் படுத்திருப்பவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார்.

ஆகையால் கனமான எடை தூக்குகிறவர் வீட்டில் இருந்தால் அந்த இடம் தரைத்தளத்தில்தான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். பேஸ்மென்ட்டில் மண் கொட்டிக் கெட்டித்து, மேலே காங்கிரீட் போட்ட தரை எந்த அடியையும் மண்ணுக்குள் இறக்கிவிடும். மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால் ஸ்லாபின் நடுவில் வேண்டாம், பீமுக்கும் சுவருக்கும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு அடுக்கு பிளைவுட், அதன் மேல் கனமான ரப்பர் ஷீட். வெறும் ரப்பர் மட்டும் போட்டால் டைல்ஸ் தப்பிக்கும், ஆனால் ‘தம் தம்’ என்ற அதிர்வு ஸ்லாப் வழியாகக் கீழ்வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஓடும் இயந்திரத்துக்குப் பதில் சைக்கிள். கீழே கைக்குழந்தை தூங்கும் வீடாக இருக்கலாம்.

டிரெட்மில் வைத்தால் அதன் பின்னால் ஆறரை அடி காலியாக இருக்கட்டும். இடத்தை மிச்சம் பிடிக்க அதைச் சுவரை ஒட்டித் திருப்பி வைக்கிறார்கள். கால் தடுக்கினால் பெல்ட் ஆளைப் பின்னால் தள்ளும். பின்னால் சுவர் இருந்தால் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதன் பாதுகாப்புச் சாவியை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். தனி எம்.சி.பி.யுடன் 16 ஆம்பியர் பிளக், முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வியர்த்த கையோடு தொடுகிற இயந்திரத்துக்கு இதில் எதையும் குறைக்கக் கூடாது.

உயரத்தை யாரும் யோசிப்பதில்லை. நம் வீடுகளில் கூரை பத்தடியில் இருந்தாலும் ஃபேன் இறக்கை எட்டரை அடியில் சுற்றும். ஐந்தடி பத்தங்குல ஆள் கையைத் தூக்கினால் ஏழரை அடி. டிரெட்மில் பலகை அரையடி. மிச்சம் அரையடி. பயிற்சி செய்யும் இடத்துக்கு மேல் சீலிங் ஃபேன் வேண்டாம். சுவர் ஃபேன் போடுங்கள்.

சுவரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் மனம் உறுத்தும் ஒரு வீடு இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பையன் புல்-அப் கம்பி கேட்டான். உள்சுவர் ஏ.ஏ.சி. பிளாக். நான் சைட்டில் இல்லாத நாளில் நான்கு ஆங்கர் போல்ட் அடித்து மாட்டினார்கள். நான் வந்து பார்த்து, இழுத்தும் பார்த்து, சரி என்றேன். மூன்றாவது வாரம் கம்பி பிளாக்கோடு பெயர்ந்து வந்தது. போல்ட் வளையவில்லை, உடையவில்லை. அதைச் சுற்றியிருந்த பிளாக் மாவாக உதிர்ந்து, நான்கு துளைகளும் விரல் நுழையும் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தன. பையனுக்கு முழங்கை எலும்பில் விரிசல். தொங்கும் ஆள் நேராகத் தொங்குவதில்லை, ஆடுகிறான். ஒவ்வோர் ஆட்டமும் போல்ட்டை மேலும் கீழுமாக நெம்பும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதை ஓரளவு பொறுக்கும், காற்று நிரம்பிய இந்தப் பிளாக் பொறுக்காது. அன்றிலிருந்து கூரைக் காங்கிரீட் போடும் முன்பே வீட்டாரிடம் கேட்டுவிடுகிறேன்: கம்பி வருமா, குத்துச்சண்டைப் பை வருமா, ஊஞ்சல் வருமா? வரும் என்றால் பீமுக்குள் இரும்புத் தகடு புதைத்துவிடுகிறோம். கட்டி முடித்த வீடு என்றால் போல்ட்டைச் சுவரின் மறுபக்கம் வரை ஊடுருவ விட்டு, அங்கே தகடு வைத்து இறுக்க வேண்டும். ஃபேன் கொக்கியில் குத்துப் பை மாட்டுவது மட்டும் கூடவே கூடாது.

காற்றுக்கும் வெயிலுக்கும் ஒரு பத்தி. மேற்குச் சுவர் பிற்பகல் முழுதும் வாங்கிய சூட்டை மாலை ஆறு மணிக்குத்தான் அறைக்குள் விடும். பையன் பயிற்சி செய்ய வரும் நேரமும் அதுதான். கிழக்கோ வடக்கோ நல்லது. ஒரே ஜன்னல் போதாது, காற்று வெளியேற எதிரிலோ பக்கத்துச் சுவரிலோ இன்னொன்று வேண்டும். கொசுவலை காற்றில் கணிசமான பங்கைத் தடுத்துவிடும் என்பதால் ஜன்னலை ஒரு சுற்றுப் பெரிதாகவே வைக்கிறேன். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இரும்புத் தட்டுகள் ஒரே மழைக்காலத்தில் துருவேறும். ரப்பர் பூசியதாக வாங்குங்கள். கண்ணாடி பதித்தால் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, பின்புறம் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியாக.

ஒரு வாரம் கழித்துத் தாம்பரத்துக்காரர்கள் வந்தார்கள். ஹெட்ரூம் ஜிம்மை அழித்துவிட்டுச் சமையலறைக்கும் பின்வாசலுக்கும் நடுவே எட்டடிக்குப் பத்தடி வரைந்திருந்தேன். அதற்காக ஹாலில் இரண்டடி குறைந்தது. அவர் கொஞ்ச நேரம் தயங்கினார். “ஹால் சின்னதாத் தெரியுமே சார்” என்றார். அவர் மனைவி அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தபடி, “இருக்கட்டும்ங்க” என்றார். கிழக்கே பெரிய ஜன்னல், பின்வாசல் கதவில் வலை, சுவர் ஃபேன், ரப்பர் தரை. பையனின் எடைகளுக்கு ஒரு மூலை. வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்தில், ஒன்றரை அங்குலக் கனத்தில், நீளமாக ஒரு தேக்குக் கம்பி. பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க, குதிகாலைத் தூக்கி இறக்க.

குடிபுகுந்து நான்கைந்து மாதம் கழித்துத் தண்ணீர்க் கசிவு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். காலை ஏழு மணி. குக்கர் அடுப்பில் இருந்தது. அந்த அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்கி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

“மூணு விசிலுக்குள்ள இருபது சார்” என்றார் மூச்சு வாங்க. பிறகு நிமிர்ந்து அந்தத் தேக்குக் கம்பியைக் காட்டினார். “அத்தையும் இப்ப வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு இது கொஞ்சம் உசரம். நாலு விரக்கடை இறக்கித் தர முடியுமா?”

டேப் காரில் இருந்தது. எடுத்து வரப் போனேன்.