துண்டு துண்டான சர்வீஸும் ஓய்வூதியமும்

1952-ஆம் வருஷத்துத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் ஆரம்பத்தில் ஆறு தொழில்களை மட்டுமே தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தபோது, சிமென்டு, காகிதம், இரும்பு முதலியவற்றோடு நெசவு என்ற தலைப்பின் கீழ்ச் சணலும் சேர்க்கப்பட்டிருந்ததனால், கொல்கத்தாவை ஒட்டி ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் இருந்த ஆலைத் தொழிலாளர்கள், முதுமைக்கென்று சட்டபூர்வமாகச் சேமிக்கும் உரிமை பெற்ற முதல் வரிசையினருள் இடம்பெற்றார்கள். ஆனால் அதே கொல்கத்தாவில் இன்றைக்கு ஆலை வாசலில் காவல் நிற்பவரையோ, மருத்துவமனைத் தரையைத் துடைப்பவரையோ, துறைமுகத்தில் சரக்கு இறக்குபவரையோ பென்ஷன் உண்டா என்று கேட்டால், கான்ட்ராக்ட் ஆளுக்குப் பென்ஷன் ஏது என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த அபிப்பிராயம் அனுபவத்தில் பிறந்ததே என்றாலும், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டத்தின் இரண்டாவது பிரிவு, ஒரு ஸ்தாபனத்தின் வேலைக்கோ அதைச் சார்ந்த வேலைக்கோ ஒப்பந்தக்காரர் மூலமாக அமர்த்தப்பட்டவரையும் தொழிலாளி என்றே வகுத்திருக்கிறது. அதுமட்டுமன்று, ஒப்பந்தக்காரர் பணம் கட்டாமற் போனால், வேலை வாங்கிய முதன்மை முதலாளியே கட்டிவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. ஆகவே பொறுப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. சங்கடமெல்லாம் கணக்கில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் நூற்றுக்கு 12 பங்கும் (சணல் ஆலைகளுக்கு இது 10) முழுவதும் அவருடைய வைப்பு நிதிக்கே போகிறது. பென்ஷனுக்கு அதிலிருந்து ஒரு காசும் போவதில்லை. முதலாளி தம் பங்காகச் செலுத்தும் தொகையிலிருந்துதான் சம்பளத்தில் நூற்றுக்கு 8.33, 1995 நவம்பர் 16 முதல் அமலில் உள்ள ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. மத்திய சர்க்கார் 1.16 சேர்க்கிறது. 2014 செப்டம்பர் முதல் இதற்குச் சம்பள வரம்பு 15,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. வைப்பு நிதியில் போட்ட பணம் வட்டியோடு திரும்பி வரும், பென்ஷனோ அப்படிப்பட்டதன்று. கடைசி அறுபது மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷங்களால் பெருக்கி எழுபதால் வகுத்தால் வருவதே மாத ஓய்வூதியம். பத்து வருஷச் சேவை இல்லாதவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது; இருபது வருஷம் பூர்த்தி செய்தவருக்கு இரண்டு வருஷம் இனாமாகச் சேரும்.

இப்பொழுது மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரே ஸ்தாபனத்தில் இருபத்துநான்கு வருஷம் உழைத்தால், இனாமோடு இருபத்தாறாகி, 58 வயதில் மாதம் 4,457 ரூபாய் பெறுவார். மற்றவரும் அதே இருபத்துநான்கு வருஷந்தான் உழைத்தார். ஆனால் எட்டு எட்டு வருஷமாக மூன்று கான்ட்ராக்டர்களிடம். ஒவ்வொரு டெண்டரும் மாறுகிறபோது, அடுத்த வேலை வரும்வரை அடுப்பெரிய வேண்டுமே என்று, பழைய கணக்கைத் தீர்த்துப் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டார். இவருக்கு மாத ஓய்வூதியம் பூஜ்யம். எட்டு வருஷக் கணக்கை முடிக்கும்போது கிடைப்பது சம்பளத்தைப்போல் 8.70 மடங்கு, அதாவது கடைசித் தவணையில் 1,04,400 ரூபாய். இருவர் பெயரிலும் நிதிக்குச் சென்றது ஒரே விகிதந்தான். முன்னவர் இரண்டு வருஷத்துக்குள் பென்ஷனாகவே வாங்கிவிடக்கூடிய தொகைக்குப் பின்னவர் எட்டு வருஷச் சேவையை விற்றுவிட்டார். நம் நாட்டில் ஏழையின் அவசரத்துக்கு விலை எப்பொழுதுமே அதிகம்.

இந்த நஷ்டம் தவிர்க்கக்கூடியது என்பதுதான் வருத்தத்துக்குரிய விஷயம். 2014 முதல் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் வழங்கப்பட்டுவரும் பொதுக் கணக்கு எண் ஆயுள் முழுவதற்கும் ஒன்றே. கான்ட்ராக்டர் மாறினாலும் அதே எண்ணைக் கொடுத்து, பழைய கணக்கைப் புதியதோடு மாற்றிச் சேர்த்துவிட்டால், மூன்று எட்டுகள் இருபத்துநான்காகவே நிற்கும். இடையில் வேலை இல்லாதவர் பணத்தை எடுக்காமல், பழைய சேவையைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு எடுப்பதைத் தடுக்க, பென்ஷன் பங்கை எடுப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து முப்பத்தாறு மாதமாக நீட்டுவதென்று 2025 அக்டோபரில் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தது. நோக்கம் நல்லதே, ஆனால் வேலையில்லாத மூன்று வருஷம் அந்தக் குடும்பம் எதைக்கொண்டு ஜீவிக்கும் என்ற கேள்விக்கு அந்த முடிவில் பதில் இல்லை.

கான்ட்ராக்டர் பிடித்த பணத்தைக் கட்டவே இல்லையானால்? இங்கேதான் திட்டத்தின் ஒரு சிறு வாசகம் பெரும் பிரயோஜனமாகிறது. ஓய்வூதியத்துக்குரிய சேவை என்பது, சந்தா வந்து சேர்ந்த காலம் மட்டுமன்று, வந்து சேர வேண்டிய காலமும் ஆகும் என்று அது கூறுகிறது. ஆனால் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும். சம்பளச் சீட்டு, நுழைவுச் சீட்டு, வருகைப் பதிவின் நகல் ஆகியவை கையிலிருந்தால், பார்க் ஸ்ட்ரீட்டிலுள்ள நிதி அலுவலகத்தில் மனுக் கொடுத்து, முதன்மை முதலாளியின் பெயரைச் சொல்லியே விசாரணை கோரலாம். பேரேட்டில் பெயரே ஏறாமல் வவுச்சரில் கூலி வாங்கும் சணல் ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் காகிதம் எங்கிருந்து வரும் என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

காகிதம் இருந்தாலும், அதில் எழுதிய சம்பளம் எது என்பது அடுத்த தந்திரம். பன்னிரண்டாயிரத்தை எட்டாயிரம் அடிப்படை என்றும் நாலாயிரம் படி என்றும் பிரித்துவிட்டால், மேலே சொன்ன 4,457 ரூபாய் 2,971-ஆகச் சுருங்கிவிடும். மேற்கு வங்கத்து விவேகானந்த வித்யாமந்திர் பள்ளி ஊழியர்களின் வழக்கில், எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடுக்கப்படும் விசேஷப் படி அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 பிப்ரவரி 28 அன்று தீர்ப்பளித்தது இந்தத் தந்திரத்துக்கு எதிரான ஆயுதம்.

சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் இளம் என்ஜினீயரின் நிலை வேறு. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக வேலையில் சேர்ந்து, 15,000-க்கு மேல் அடிப்படைச் சம்பளம் பெறுபவர் இந்த ஓய்வூதியத் திட்டத்தில் அங்கத்தினரே அல்லர். முதலாளியின் பங்கு முழுவதும் அவருடைய வைப்பு நிதிக்கே சென்றுவிடும்.

முதலாளியே இல்லாதவர்களுக்காக ஏற்பட்ட அடல் பென்ஷன் திட்டத்தைப் பிரதமர் மோடி 2015 மே 9-இல் தொடங்கிவைத்ததும் இந்தக் கொல்கத்தா நகரத்தில்தான். பதினெட்டு வயதில் சேர்பவர் மாதம் 42 ரூபாயும், நாற்பதில் சேர்பவர் 291 ரூபாயும் கட்டினால், அறுபதுக்குமேல் மாதம் ஆயிரம் நிச்சயம். ஆனால் நாற்பதைத் தாண்டியவருக்கு அதில் இடமில்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலோ 58 வயதோடு சந்தா நின்றுவிடுகிறது. ஒன்பதரை வருஷத்தைப் பத்தாகக் கொள்ளும் சலுகையைச் சேர்த்தாலும், முந்தைய சேவை ஏதுமின்றி நாற்பத்தொன்பதாவது வயதில் செக்யூரிட்டி உடுப்பை முதன்முதலாக அணிபவர், ஒரு நாளும் தவறாமல் உழைத்தாலும், அந்த மாத ஓய்வூதியத்தை எட்ட முடியாது.