தழும்பு ஏன் தடித்து வளருது?



மாமல்லபுரம் பக்கம் மீன் அரியும்போது அரிவாள்மனை பட்டிருக்கும், சிற்பப் பட்டறையில் கல் சில்லு தெறித்திருக்கும். அடுப்புச் சூடு, காது குத்திய இடமும் உண்டு. காயம் ஆறிய பிறகும் சிலருக்குத் தழும்பு அரிக்கும், தடிக்கும், காயத்தின் எல்லையைத் தாண்டியும் வளரும். இதுதான் கீலாய்டு.

காயம் ஆற, அங்கே புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். குழாயின் உட்சுவர் செல்கள், நார் நெய்யும் செல்களுக்குத் தகவல் அனுப்பி வேலைக்குக் கூப்பிடும். ஆறியதும் வேலை நிற்கணும். கீலாய்டில் நிற்பதில்லை. குழாய்ச் செல்களில் சிலவே நார் நெய்யும் செல் போல மாறுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெட்டி எடுத்தால் அதுவும் புதுக் காயம்தானே? அதே வேலை மறுபடி தொடங்கும். அதனால்தான் வெறுமனே வெட்டினால் பலருக்குத் திரும்ப வருது.

இது புற்றுநோய் இல்லை, ஒட்டுவதும் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், கூடுதலாகக் காது குத்த யோசியுங்கள். சூடு பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மாவு, பேஸ்ட் தடவாதீங்க. தழும்பு தடிக்க ஆரம்பிச்சதுமே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஊசி, சிலிக்கோன் பட்டை எனச் சிகிச்சை உண்டு. கடன் வாங்கி வெட்டிக்கொள்ளும் முன், "திரும்ப வராமலிருக்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள்.