நிரம்பாத தொட்டி

"எங்க டேங்க் கட்டி இருபது வருஷமாச்சு, ஒரு தடவகூட எடுத்ததில்ல." தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெரிதாகக் குழி தோண்டி, சுற்றிலும் சுவர் எழுப்பி, அடியில் கான்கிரீட் போடாமல் விட்டுவிடுவது இங்கே வழக்கம். இல்லாவிட்டால் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மூடிவிடுவார்கள். தண்ணீர் அடிவழியே மண்ணுக்குள் இறங்கிவிடும், குழி நிரம்பாது. அதை செப்டிக் டேங்க் என்று சொல்ல முடியாது. அது ஒழுகும் குழி.

செப்டிக் டேங்க் என்றால் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஒரு பக்கம் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு மறுபக்கம் வெளியேறும். இடையில் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் அலைபாயாமல் தங்க வேண்டும். அந்த நேரத்தில் கனமானதெல்லாம் அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் பாலாடைபோல மேலே திரளும். வரும் குழாய்க்கும் போகும் குழாய்க்கும் 'டி' பொருத்திக் கீழ்நோக்கி இறக்குவதற்குக் காரணம் உண்டு: ஆடையும் கசடும் உள்ளேயே நின்று, நடுத்தண்ணீர் மட்டும் வெளியே போக வேண்டும். அடியில் படிந்ததைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் தின்று, ஒரு பகுதியை வாயுவாக மாற்றுகின்றன.

1860களில் பிரான்சின் வெசூல் ஊரில் லூயி மூரா என்பவர் இப்படியொரு தொட்டி கட்டினார். சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது திடக்கழிவு மிகக் குறைவாகவே இருந்தது. 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எடுக்கவே தேவையில்லை என்ற நம்பிக்கை அன்றிலிருந்தே இருக்கிறது. ஆனால் பாக்டீரியாவால் தின்ன முடியாத மிச்சம் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரக் குறியீடு சொல்லும் அளவு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம். இரண்டாண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் ஊர்க் குழிகளோடு ஒப்பிட்டால் சின்னத் தொட்டிதான்.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீரும் சுத்தமானதல்ல. கிருமிகள் அப்படியே இருக்கும். அது உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்க வேண்டும், மண்தான் வடிகட்டி. தர்மபுரியில் சிக்கலே இங்குதான். பல இடங்களில் மண் சில அடிதான், அதற்குக் கீழே பாறை. பாறை வடிகட்டாது. அதன் வெடிப்புகள் வழியாகக் கழிவுநீர் வேகமாக ஓடும். நாம் போர் போட்டுத் தேடிப் பிடிப்பதும் அதே வெடிப்புகளில் ஓடும் தண்ணீரைத்தான். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், ஏறத்தாழ அறுபதடி, இடைவெளி வேண்டும் என்பது விதி. பாறை நிலத்தில் அது போதும் என்று நான் நம்பவில்லை. முடிந்தவரை தள்ளி, போர் இருக்கும் இடத்தைவிடத் தாழ்ந்த பக்கத்தில் அமைக்க வேண்டும்.

இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஃபுளோரைடு பாறை தந்தது. அதோடு நைட்ரேட்டையும் நாம் சேர்க்கலாமா? கழிவிலுள்ள அம்மோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது கூடாது. கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது.

பராமரிப்பு எளிது. ஆசிட்டையும் பினாயிலையும் குடம்குடமாக ஊற்றினால் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் செத்துப்போகும். நாப்கின், துணி, மீந்த எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. குளிக்கும் தண்ணீரையும் துவைக்கும் தண்ணீரையும் பிரித்து வாழைக்கோ தென்னைக்கோ விடுங்கள். அவை மொத்தமாகப் பாய்ந்தால் கசடு கலங்கி வெளியே ஓடும். சாணம், ஈஸ்ட், கடையில் விற்கும் பாக்டீரியாப் பொடி எதுவும் தேவையில்லை. காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். கியூலெக்ஸ் கொசுவுக்கு இந்தத் தொட்டி நல்ல நாற்றங்கால்.

கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, நீண்ட மூங்கிலில் வெள்ளைத் துண்டைச் சுற்றி இறக்கிச் சற்று நேரம் கழித்து எடுத்தால் போதும், கறுத்த பகுதி கசடின் உயரம். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை அது எட்டியிருந்தால் லாரியை அழைக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் தெரியவில்லை என்று இறங்கியவர் மயங்க, தூக்கப் போனவரும் விழுந்து சாகிறார்.

அதனால் எந்த மனிதரையும் உள்ளே இறக்கக் கூடாது. எவ்வளவு கூலி கொடுத்தாலும், அவரே சம்மதித்தாலும் கூடாது. இதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறக்கியவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். யாரையாவது இறக்குவதைக் கண்டால் 14420 என்ற எண்ணில் சொல்லலாம்.

லாரிக்காரரிடம் உள்ளாட்சியின் உரிமம் இருக்கிறதா, கசடை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குவார் என்று கேட்டபிறகு பணம் கொடுங்கள். ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டுபவருக்குக் கொடுத்தால், நம் வீட்டுக் கசடு வேறொருவர் கிணற்றுக்குப் போகும். உறிஞ்சும்போது அடியில் சிறிதளவு கசடை விட்டுவைக்கச் சொல்லுங்கள். பாக்டீரியாக்கள் அதிலிருந்தே மறுபடி பெருகும். பிறகு தொட்டியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு மூடியைப் போடுங்கள்.