உஷார்! தீபாவளி விடுமுறைக்குத் தீவில் அறை பதிவு செய்கிறீர்களா?

பெர்ஹெந்தியான் தீவில் கடலைப் பார்த்த அறை, மூன்று பகல் இரண்டு இரவு, படகு, சாப்பாடு, ஸ்நோர்கெலிங் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 199 வெள்ளி, தீபாவளிச் சிறப்பு விலை! இப்படி ஒரு படம் உங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் வந்திருந்தால் தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் நாள்காட்டியை எடுங்கள்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்களும் பல மாநிலங்களில் விடுமுறை. கூட இரண்டு நாள் லீவு போட்டால் ஒரு பயணத்துக்குப் போதும் என்று பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எத்தனையோ வீடுகளில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது, மார்ச் வரை இருக்கும். கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளின் விடுதிகளில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடும். கோலா பெசுட்டிலிருந்து போகும் படகுகளும் அலையைப் பார்த்து நின்றுவிடும். தியோமானில் சில இடங்கள் திறந்திருக்கலாம். ஆனால் மெர்சிங் ஜெட்டியில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்து, படகு போகுமா போகாதா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பள்ளியின் ஆண்டு இறுதி விடுமுறை வரும் டிசம்பரில் நிலைமை இன்னும் மோசம். நமக்கு லீவு கிடைக்கிற நேரமும் அந்தத் தீவுகள் மூடுகிற நேரமும் ஒன்றாக விழுகின்றன. மோசடிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். திறக்கவே போகாத விடுதிக்கு அவன் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் முன்பணம் வாங்கலாம். விடுதிக்காரர் ஊரில் இருக்கமாட்டார், யாரும் நேரில் போய்ப் பார்க்கவும் முடியாது.

"தனிநபர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரிய ஹோட்டலுக்கு அது சரி. தீவில் பத்துப் பன்னிரண்டு அறை வைத்திருக்கும் மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மாவிடம்) போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அவர் கார்டு மெஷின் வைத்திருக்கமாட்டார். பதிவெல்லாம் வாட்சாப்பில்தான். முன்பணம் அவர் பெயரிலோ மகன் பெயரிலோ உள்ள பேங்க் கணக்குக்குப் போகும், ரசீது என்று ஒரு "ஓகே" வரும். நேர்மையான சின்ன விடுதி நடக்கிற விதமே இதுதான். கள்ளனும் அச்சு அசலாக இதையேதான் செய்கிறான். சின்ன விடுதி என்றால் ஆபத்து அதிகம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். விடுதிக்காரர் கெட்டவர் என்பதல்ல. அவர் வேடத்தைப் போடுவது மிகச் சுலபம். ஃபேஸ்புக்கில் இருக்கும் அவருடைய படங்களை அப்படியே அள்ளி, பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, பக்கம் திறந்துவிட்டால் முடிந்தது.

பேச்சு எப்படிப் போகும் என்று பாருங்கள். நீங்கள் அக்டோபரில் ஓர் இரவு பத்து மணிக்கு விசாரிக்கிறீர்கள். உடனே பதில் வரும். "வணக்கம்க்கா! எத்தனை பேரு? சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?" தமிழில் பேசுவதாலேயே பாதி நம்பிக்கை வந்துவிடும். பிறகு அழகான நான்கு படங்கள். அடுத்து, "ரெண்டு ரூம்தான்க்கா மிச்சம். இன்னொரு குடும்பமும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. உங்க பேர்ல பிடிச்சு வைக்கட்டா? பாதிப் பணம் போட்டுட்டு சிலிப் அனுப்புங்க." நீங்கள் போடுவீர்கள். இரண்டு நாள் கழித்து, "படகு டிக்கெட்டுக்குத் தனியா கட்டணும்க்கா, போன தடவை போட்ட அக்கவுண்ட் ஃபுல்லாயிருச்சு, இந்த நம்பர்ல போடுங்க." அதையும் போட்டால் அடுத்து "சுற்றுலா வரி". அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பும் செய்திக்கு ஒற்றை டிக்தான் விழும்.

அந்த வரியைக் கேட்ட இடத்திலேயே நீங்கள் பிடித்திருக்க வேண்டும். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என்ற சுற்றுலா வரி 2017 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனால் அது வெளிநாட்டுப் பயணிகளுக்கு. மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்ட வேண்டியதில்லை. நீல நிற மைகாட் வைத்திருப்பவரிடம் அந்த வரியைக் கேட்பவன் ஒன்று விவரம் தெரியாதவன், இல்லை கள்ளன். அக்கவுண்ட் "ஃபுல்" ஆவது என்று ஒன்றும் கிடையாது. முதல் கணக்கை பேங்க் முடக்கியிருக்கும்.

அந்தக் கணக்குகள் யாருடையவை? பெரும்பாலும் ஏதோ ஓர் ஏழைப் பையனுடையவை. இருநூறு முந்நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் தூக்கிக் கொடுத்திருப்பான். மலாயில் இதை "அக்காவுன் கெல்டாய்" என்பார்கள். நம் பையன்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட முடியாது. 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, கார்டைத்தான் கொடுத்தேன்" என்பது இனி எடுபடாது. வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால் இந்தப் பத்தியை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சரி, நல்லவரையும் கள்ளனையும் எப்படிப் பிரிப்பது? அரச மலேசியப் போலீஸின் வர்த்தகக் குற்றப் புலனாய்வுத் துறை "செமாக் மியூல்" என்ற இணையத்தளம் வைத்திருக்கிறது. பேங்க் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ அதில் தட்டினால், அதன்மேல் புகார் வந்திருக்கிறதா என்று காட்டும். பணம் போடும் முன் இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அங்கே புகார் எதுவும் இல்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. நேற்றுத் திறந்த கணக்கின்மேல் இன்று புகார் எப்படி இருக்கும்? முதலில் ஏமாறுகிறவர் நீங்களாகவே இருக்கலாம்.

என்னைக் கேட்டால், வீடியோ கால்தான் நல்ல சோதனை. "மக்சிக், இப்போது விடுதியில்தானே இருக்கிறீர்கள்? வீடியோவில் வாருங்கள், வாசலிலிருந்து கடல் பக்கம் அப்படியே நடந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். உண்மையான விடுதிக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டே அடுப்படி, பூனை, காயப்போட்ட துண்டு எல்லாவற்றையும் காட்டிவிடுவார். கள்ளனுக்கு அந்த நேரம் பார்த்து லைன் கிடைக்காது, கேமரா உடைந்திருக்கும், ஆள் கூட்டத்தில் இருப்பான். அடுத்து, வாட்சாப்பில் வந்த எண்ணை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்குப் படகு விடுகிறவர்களுக்குப் போன் போடுங்கள். லுமுட், கோலா பெசுட், மெர்சிங் எதுவானாலும் சரி. "இந்தப் பெயரில் விடுதி இருக்கிறதா, அந்தத் தேதியில் திறந்திருக்குமா, படகு ஓடுமா?" மூன்றே கேள்வி. ஜெட்டியில் இருப்பவர்களுக்குத் தீவில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது அத்துப்படி.

எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள். அதன் இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டினால் உரிமையாளர் பெயர் தெரியும். டூயிட்நவ்வில் பணம் அனுப்பும்போது பெறுபவர் பெயர் திரையில் வருமே, இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பேக்கேஜாக விற்கிறவர் டிராவல் ஏஜெண்ட் என்றால் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி அவரிடம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடை வைத்திருக்கும் ஏஜெண்டுகள் அதைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். நேரில் போய்ப் பணம் கட்டி முத்திரை வைத்த ரசீது வாங்குவது பழைய வழிதான். பிறகு தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் அதற்கு எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். ஃபேஸ்புக் பக்கத்தின்மேல் எப்படி வழக்குப் போடுவது?

இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. "எங்க விடுதிக்குத் தனி ஆப் இருக்கு, அதுல புக் பண்ணா இன்னும் கழிவு" என்று ஒரு ஏபிகே கோப்பை அனுப்புவார்கள். கைப்பேசி எச்சரிக்கும், அதையும் மீறி நிறுவச் சொல்லித் தருவார்கள். நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகள், பேங்க் கடவுச்சொல் எல்லாம் அவர்கள் கையில். முன்பணம் போனால் சில நூறு வெள்ளிதான் நட்டம். இதில் போவது கணக்கில் இருப்பது அத்தனையும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் எந்த ஆப்பையும் தொடாதீர்கள். அவசரத்தில் தொட்டுவிட்டால் உங்கள் பேங்க் ஆப்பில் "கில் சுவிட்ச்" இருக்கிறது. கணக்கை நீங்களே முடக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்து நம்புவது, காணொளியைப் பார்த்து நம்புவது எல்லாம் முடிந்துபோன காலம். 2025இன் நடுவில் கோலாலம்பூரைச் சேர்ந்த ஒரு வயதான தம்பதி, பேராவில் கேபிள் கார் ஓடுவதாகத் தொலைக்காட்சிச் செய்தி போல வந்த காணொளியை நம்பி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போய்ச் சேர்ந்ததாக ஒரு ஹோட்டல் ஊழியர் சமூக ஊடகத்தில் எழுதினார். அப்படி ஒரு கேபிள் காரே அங்கே கிடையாது. செய்தி வாசித்த பெண், சிரித்துக்கொண்டே சவாரி போன பயணிகள் எல்லாமே செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை. கேபிள் காரையே உருவாக்கத் தெரிந்தவனுக்கு ஒரு மரவீடும் இரண்டு தென்னை மரமும் எந்த மூலைக்கு?

பணம் மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது. 2025 ஜூன் 28 இரவு பெர்ஹெந்தியானில் பயணிகளோடு போன படகு கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் சிறுபிள்ளைகள். அது பருவமழைக் காலம்கூட இல்லை. மலிவு பேக்கேஜில் படகு யாருடையது, எத்தனை பேர் ஏறுவார்கள், பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்காமல் ஏறாதீர்கள். இருட்டிய பிறகு படகில் ஏறச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அறைக்குக் கட்டிய காசு போனால் போகட்டும்.

தீபாவளிக்குக் கண்டிப்பாகத் தீவுக்குப் போகவேண்டும் என்றால் மேற்குக் கரையைப் பாருங்கள். பங்கோர் இருக்கிறது, லங்காவி இருக்கிறது. அங்கேயும் மழை பெய்யும், ஆனால் கிழக்குக் கரை போல மாதக்கணக்கில் மூடிக் கிடக்காது. (பங்கோர் பத்ரகாளியம்மன் கோயில் மாசிமகத்துக்குப் போகிறவர்கள் மட்டும் சீக்கிரமே அறை பிடிக்க வேண்டும், போலி விளம்பரங்களுக்கும் அது அறுவடைக் காலம்.) கிள்ளான்காரர்களுக்கு பூலாவ் கெத்தாம் கைக்கெட்டும் தூரம். போர்ட் கிள்ளான் கொமுட்டர் நிலையத்தில் இறங்கிப் பக்கத்தில் படகு ஏறினால் போதும். அங்கே தங்க நினைப்பவர்கள் ஒரு ஞாயிறு போய் நண்டு சாப்பிட்டு, அறையைக் கண்ணால் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்கலாம்.

கொஞ்சம் வசதி உள்ளவர்கள் இப்போது கிரீஸ், சந்தோரினி என்று கிளம்புகிறார்கள். அங்கேயும் பத்து அறை விடுதிகள்தான், அங்கேயும் பருவம் முடிந்ததும் பல விடுதிகள் மூடிவிடும், பலத்த காற்றென்றால் கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை ஷெங்கன் விசா தேவையில்லை. விசா எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2026 கடைசியில் தொடங்குவதாக அறிவித்திருக்கும் இடியாஸ் முன்னனுமதிக்குக் கட்டணம் 20 யூரோ, அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும். இன்னொன்று: பதிவுத் தளத்தின் ஆப்புக்குள்ளேயே, விடுதியின் பெயரிலேயே, "உங்கள் கார்டை மறுபடி உறுதிசெய்யுங்கள், இல்லையென்றால் பதிவு ரத்து" என்று செய்தி வரலாம். விடுதியின் கணினியைத் திருடர்கள் பிடித்துக்கொண்டு அனுப்பும் செய்தி அது. 2023 முதலே உலகெங்கும் இப்படி நடக்கிறது. சின்ன விடுதிகளில் கணினியைக் கவனிக்கத் தனி ஆள் ஏது? அந்த இணைப்பைத் தொடாமல் விடுதிக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள்.

இவ்வளவையும் மீறிப் பணம் போய்விட்டதென்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்புத்துறை ஆணையம் சேர்ந்து நடத்தும் தேசிய மோசடி எதிர்வினை மையம் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. எண் 997. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு. அதற்குச் சில நிமிடங்களே இருக்கும். பேங்குக்கும் 997க்கும் உடனே அழையுங்கள், வாட்சாப் உரையாடலையும் சிலிப்பையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள். வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ தெரிந்தால் திட்டுவார்களே என்று மறைத்து வைக்க வேண்டாம். முதலில் 997, திட்டு வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.