காட்டுத் தீயும் அதன் காரணங்களும்

அடுப்பில் அடங்கியிருக்கும் தீ நமக்கு உணவு சமைக்கும் ஏவலாள். கட்டு மீறிக் காட்டிற் புகுந்துவிட்டாலோ, அதுவே ஊர்களையும் உயிர்களையும் விழுங்கும் பகையாகின்றது. இத்தகைய பெருந்தீ எரிந்து அடங்கியதும், 'இதனை மூட்டியவர் யார்?' என்னும் வினாவே மக்கள் உள்ளத்தில் முதலில் எழும். தீயோன் வைத்த நெருப்பு என்பர் சிலர். மின்கம்பி அறுந்ததால் வந்த கேடு என்பர் சிலர். மின்னல் தாக்கியது என்பர் வேறு சிலர். காட்டைப் பேணாமையே காரணம் என்றும், உலகின் வெப்பம் உயர்வதே காரணம் என்றும் கூறுவாரும் உளர். இவற்றுள் எது உண்மை?

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் விக்டோரியா என்னும் மாநிலம் உள்ளது. அங்குள்ள காடுகளில் மிகுதியாக வளர்வது தைலமரம். நம் நீலகிரியில் காணும் தைலமரங்களும் அந்நாட்டிலிருந்து வந்தவையே. அவற்றின் இலைகளில் எண்ணெய் மிகுந்துள்ளது. பலவகை மரங்களில் பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கும். தீப்பற்றிய பட்டையைக் காற்று பல கிலோமீட்டர் தொலைவிற்குத் தூக்கி எறியும். விழுந்த இடத்தில் புதிய தீ மூளும்.

2009 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 ஆம் நாள் அம்மாநிலத்தின் தலைநகராகிய மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரி செல்சியசை எட்டியது. கடுங்காற்றும் வீசியது. அன்று பல இடங்களில் மூண்ட தீயினால் 173 பேர் மாண்டனர். 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அந்நாட்டு மக்கள் அந்நாளைக் 'கறுப்புச் சனிக்கிழமை' என்று குறிப்பிடுகின்றனர்.

அரசு அமைத்த விசாரணை ஆணையம் ஒவ்வொரு தீயையும் தனித்தனியே ஆராய்ந்தது. கில்மோர் கிழக்கு என்னுமிடத்தில் பழைய மின்கம்பி ஒன்று அறுந்து விழுந்து மூண்ட தீ, 119 உயிர்களைக் கவர்ந்தது. சர்ச்சில் என்னும் ஊருக்கு அருகில் மூண்ட தீயோ, ஒருவன் வேண்டுமென்றே வைத்தது; அதனால் 11 பேர் இறந்தனர். அவனை 2012 ஆம் ஆண்டு நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்துச் சிறையிட்டது. ஒரே நாளில், ஒரே மாநிலத்தில், ஒரு தீக்கு மனிதனின் தீய எண்ணமும், மற்றொரு தீக்குப் பழுதுற்ற கம்பியும் காரணங்களாயின. 'காட்டுத் தீக்குக் காரணம் இது ஒன்றே' என்று பொதுவாகக் கூறுவது எவ்வளவு பிழை என்பதை இதனால் அறியலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2018 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பழமையான மின்தடத்தில் தேய்ந்துபோன கொக்கி ஒன்று முறிந்தது. அதனால் பிறந்த பொறி பாரடைஸ் என்னும் ஊரையே அழித்தது. 85 பேர் மாண்டனர். அம்மின் நிறுவனம் 2020 ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மின்கம்பியால் மூளும் தீ எண்ணிக்கையிற் சிறிதாயினும் அழிவிற் பெரிதாவது ஏன்? கம்பியை அறுக்கும் பெருங்காற்றே, பிறந்த தீயையும் விரட்டிச் செல்கின்றது. அமைதியான நாளில் அக்கம்பி அறுவதும் அரிது; அறுந்தாலும் தீ பரவுவது அரிது.

2019 ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியக் காடுகள் மீண்டும் எரிந்தபோது, தீ வைப்போரே அதற்கெல்லாம் காரணம் என்னும் வதந்தி உலகெங்கும் பரவியது. ஆயினும், அப்போது சிட்னி நகருக்கு வடமேற்கில் 5,00,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை எரித்த கோஸ்பர்ஸ் மலைத் தீ, மின்னலால் மூண்டதே ஆகும்.

பொறி ஒன்று மட்டும் பெருந்தீயை உண்டாக்கிவிடுமோ? ஈர வைக்கோலில் விழும் பொறி அவியும். காய்ந்த வைக்கோலில் விழும் பொறி களத்தையே எரிக்கும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அமெரிக்க வனத்துறையினர் மூளும் தீயையெல்லாம் உடனே அணைப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தனர். அதனால் பல காடுகளில் புதரும் சருகும் பெருகின. அந்நாட்டுப் பழங்குடியினரோ, தக்க காலத்தில் சிறு தீ வைத்துப் புதர்களை எரித்துவந்தவர்கள். உலகின் வெப்பம் உயர உயரச் சருகு மேலும் உலர்கின்றது. காட்டின் விளிம்பில் வீடுகளும் பெருகுகின்றன. ஆகவே, மூட்டியது எது என்பது ஒரு வினா. அதனைப் பேரழிவாக வளர்த்தது எது என்பது மற்றொரு வினா.

இவ்வாராய்ச்சி வெறும் சொற்போர் அன்று. நோய்க்குத் தக்க மருந்தைத் தேடும் முயற்சியாகும். தீ வைப்பவனைத் தடுக்கச் சட்டமும் காவலும் வேண்டும். பழுதுற்ற கம்பிகளை மாற்றவும், பெருங்காற்று வீசும் நாளில் மின்சாரத்தை நிறுத்தவும் ஏற்பாடு வேண்டும். மின்னலைத் தடுத்தல் இயலாது. ஆதலின் புதர்களைக் குறைத்தும், புகை கண்டவுடன் விரைந்தும் அதனை எதிர்கொள்ளவேண்டும். பழி முழுவதையும் தீயோன் ஒருவன்மேல் சுமத்தினால், தேய்ந்த கொக்கி தொங்கிய இடத்திலேயே தொங்கும். வெப்பத்தின்மேல் மட்டும் சுமத்தினாலோ, கடமை தவறியவர் தப்பித்துக்கொள்வர். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் முன்னோர் மொழி. தீர விசாரித்து அறிந்த உண்மையே அடுத்த தீயினின்றும் மக்களைக் காக்கும்.