உங்களுக்குத் தெரியுமா? தொண்டை நாட்டின் குறுந்தாள் ஏற்றை

பன்றிப்பண்ணை என்றதும் வெள்ளை யார்க்‌ஷயர் என்னும் சீமைப்பன்றியையே நினைக்கும் நாம், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொண்டை நாட்டார் இத்தொழிலில் எய்தியிருந்த நுட்பத்தை அறிந்து பெருமிதம் கொள்ள வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கள் சமைக்கும் மகளிர் வட்டில் கழுவிய நீர் வழிந்து தேங்கிய சேற்றில் குட்டிகளோடு புரளும் பெண்பன்றிகளிடம் ‘குறுந்தாள் ஏற்றை’ என்னும் குட்டைக்கால் ஆண்பன்றியை அணுகவிடாது, குழியில் நிறுத்தி, நெல்மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்கவைத்த விருத்தாந்தம் விரிவாகவே வருகிறது. வீட்டளவில் நடந்த பன்றிவளர்ப்பு இது!

மேற்கு வங்கத்துக் குங்ரு, மேகாலயாவின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா ஆகிய சுதேச இனங்களைக் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபியல் வள அமைப்பு முறையாகப் பதிவு செய்திருக்கிறது. நம் புதுச்சேரிப் பக்கத்து நாட்டுக் கரும்பன்றியும், நீண்ட மூக்கும் முதுகில் விறைத்து நிற்கும் மயிருமாக, அத்தகைய கௌரவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உரியதென்பதே என் திடமான அபிப்பிராயம். அவ்வாராய்ச்சிக்கு இங்கே மூலக்குளத்தை அடுத்த குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறதே!

வளர்ப்போர் கவனத்துக்கு: சினைக்காலம் சுமார் 114 நாள். தாய்ப்பாலில் இரும்புச்சத்து சொற்பமாதலால், சிமெண்டுத் தரையிலேயே அடைபட்ட குட்டிகள் சில வாரங்களில் சோகை பிடித்து வெளிறிப்போக, மண்ணைக் கிளறித் திரியும் குட்டிகளோ அந்தச் சத்தை மண்ணிலிருந்தே பெற்றுக்கொள்கின்றன. 2020-இல் இந்தியாவில் தோன்றிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குச் சிகிச்சை இல்லை. அது பரவாதிருக்க, ஓட்டல் எச்சில் உணவை நன்றாகக் கொதிக்கவைக்காமல் தொட்டியில் கொட்டலாகாது.